மீன் வரைந்த மெத்தை

“அந்த மூட்டையை ஏன் பிரிக்கிறீங்க? எடை போட்டது இது மட்டும்தானே?”

நர்மதா ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டாள்.

மெத்தைக் கடை பரசுராமன் மூக்கை மூடிக் கட்டியிருந்த துண்டைக் கீழே இறக்கினார். புருவமெல்லாம் பஞ்சு.

“இன்னாமா, காலைலேர்ந்து போலீஸ்காரன் கணக்கா குந்திகினுகீறீங்க. அது வேற ஒருத்தர் தலகாணிக்கு.”

“இருக்கட்டும். நான் போனப்புறம் பிரிங்க.”

தண்டையார்பேட்டையில் மெத்தை தைக்கக் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, கடைசித் தையல் விழுகிற வரை பார்த்துத்தான் வாங்குவார்கள். கண்ணைத் திருப்பினால் கழிவுப் பஞ்சு உள்ளே போய்விடும், ஃபோம் தூள் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அதற்காகவே கடைக்காரர்களும் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருப்பார்கள்.

நர்மதா திருவொற்றியூரிலிருந்து முதல் ஆளாக வந்து அந்த ஸ்டூலைப் பிடித்திருந்தாள். டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மகள் மகிழினிக்கு நாலு வயது. ஆறு மாதமாக, படுத்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. போன மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“இந்தப் பக்கத்து ஃபேக்டரிப் புகையை நீங்க நிறுத்த முடியாது. குழந்தை மூக்கை வெச்சுப் படுக்கிற இடத்தையாவது மாத்துங்க. அந்த ஃபோம் மெத்தை வேண்டவே வேண்டாம்” என்றார் டாக்டர், நாலைந்து நாள் முன்பு.

அன்றைக்கே வெளியேற்றியாயிற்று. வாங்கி ஒரு வருஷம் ஆகாத மெத்தை. தூக்கி எறிய மனசு வரவில்லை. வேலைக்கு வரும் குப்பம்மாவுக்குக் கொடுத்தாள். குப்பம்மாவுக்கும் இரண்டு வயதில் ஒரு பெண். தரையில் பழைய புடவையை விரித்துப் படுக்கிற குழந்தை.

“நல்ல காரியம் பண்ணினே” என்றான் கணவன் ரவிக்குமார்.

“இது சுத்தமான இலவம்பஞ்சுதானே?” என்று பரசுராமனிடம் நாலாவது தடவையாகக் கேட்டாள் நர்மதா.

“கையை வுட்டுப் பாருமா.”

விட்டுப் பார்த்தாள். கறுப்பாக ஏதோ உருண்டது.

“இது என்ன?”

“கொட்டை. மரத்துலேர்ந்து வந்தா கொட்டை இருக்கும். மிஷின்லேர்ந்து வந்தாதான் இருக்காது. பொறுக்கிப் போட்டுட்றேன், பாப்பாவுக்குக் குத்தாது.”

உறைக்கு அவளே சாயம் போடாத காடாத்துணி வாங்கி, மூன்று முறை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். பரசுராமன் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

“கல்யாணப் புடவைக்குக்கூட இவ்ளோ பாத்திருக்க மாட்டீங்க.”

“புடவையில மூக்கை வெச்சு யாரும் பத்து மணி நேரம் தூங்கறதில்லைங்க. பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.”

“அது சரி” என்றபடி கோணி ஊசி எடுக்க உள்ளே போனார். கதவை அகலத் திறந்தார். நர்மதா எட்டிப் பார்த்தாள்.

சுவரோரம் ஃபோம் துண்டுகள் அடுக்கியிருந்தன. மேல் துண்டில், உறை கிழியாத ஒரு மூலையில், நீல ஸ்கெட்ச் பேனாவில் ஒரு மீன். வாலே இல்லாத மீன். வாலை வரைவதற்குள் அம்மாவிடம் அடி வாங்கிய மகிழினியின் மீன்.

நர்மதாவுக்குச் சுருக்கென்றது. கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் விற்றுவிட்டாளா? இந்த மனிதர் அதை வெட்டி, யார் மெத்தையில் திணிக்கப் போகிறாரோ?

“இது ஏது உங்களுக்கு?”

“அதா? பின்னாடி சந்துல கீற குப்பம்மா கொணாந்து போட்டுச்சு.”

“எவ்வளவு கொடுத்தீங்க?”

“குடுத்தேன். வாங்கலியே.”

நர்மதா நம்பவில்லை. “அப்போ சும்மாவா கொடுத்தா?”

பரசுராமன் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்.

“நானும் கேட்டேன்மா. ‘இன்னாம்மே, ஷோக்கா கீது, உம் பொண்ணைப் படுக்க வெச்சுக்கயேன்’னு. அது வேலை செய்ற வூட்டுப் பாப்பாவுக்கு இதுல படுத்துதான் மூச்சு இழுக்குதாம். அந்தம்மா யார்கிட்டயோ போன்ல சொல்லசொல்ல இதுங் காதுல வுழுந்துகீது.”

நர்மதா அந்த வாலில்லாத மீனைப் பார்த்தாள்.

“‘உன்னாண்ட சொல்லாமயா குடுத்தாங்க?’ன்னேன். ‘மறந்துருப்பாங்க நைனா, புள்ளைக்கு முடியாத பேஜாருல’ன்னு சொல்லிச்சு.”

ஒரு கன்டெய்னர் லாரி கடையை அதிரவைத்துக்கொண்டு போனது. அது கடக்கும்வரை காத்திருந்தார்.

“குப்பைத் தொட்டியாண்ட போட்டா எவனாச்சும் தூக்கிக்கினு பூடுவான், அவன் வூட்ல ஒரு கொழந்தை இருந்தா இன்னா பண்றதுன்னு அதுக்குக் கவலை. லாரி ஓட்ற நம்ம துரை சீட்டுக்குக் கேட்டுகினு இருந்தான், அவனுக்குப் போட்டுட்றேன்னேன். அப்பவும் நம்பல.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? எந்தக் கொழந்தையும் படுக்க முடியாத மாதிரி நான் துண்டு போட்டு முடிக்கிற வரைக்கும், இப்ப நீங்க குந்திகினுகீறீங்களே, இதே ஸ்டூல்ல குந்திகினு பாத்துட்டுதான் போச்சு.”