நடந்து போகச் சொல்லும் பலகை

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. வறண்ட ஆற்றுக்குள் இறங்கும் மண்பாதையின் குறுக்கே புதிதாக ஓர் இரும்புத் தடுப்பு நிற்கிறது. 'வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடந்து செல்லலாம்' என்கிறது அதில் தொங்கும் பலகை. தடுப்பை முட்டாத குறையாக வாண்டா ஸ்டக்கியின் பழைய ஜீப் நிற்க, பின்னால் எங்கள் ஜீப் கிளப்பின் வண்டிகள் வரிசையாக உறுமுகின்றன. பாலைவனத்தைக் காவல் காக்கும் இளம் ரேஞ்சர் ப்ரூவிட் அவள் ஜன்னலோரம் குனிகிறார். "உள்ளே போகாதீங்கன்னு யாரும் சொல்லலை மேடம். வண்டிதான் கூடாது. பாலைவன ஆமைங்க சக்கரத்துல நசுங்குது." "ஆமைக்கு வழிவிட்டு ஓட்ட எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அங்க குப்பை பொறுக்கினது யாரு, உங்க ஆபீசா?" வாண்டா கதவைத் திறக்கிறாள். கால்சட்டையைச் சுருட்டி, வாரை அவிழ்த்து, தன் செயற்கைக் காலைப் பூட்ஸோடு கழற்றி பானட்டின் மேல் வைக்கிறாள். வெயிலில் அது பளபளக்கிறது. "நடக்கச் சொன்னீங்களே தம்பி, இதைக் கூட்டிட்டுப் போங்க. மணல்ல ரெண்டு அடி வெச்சா என்னைக் கவுத்துடும்." யாரோ விசிலடிக்கிறார்கள். ரேஞ்சரின் காது சிவக்கிறது. "என் கையில ஒண்ணுமில்ல மேடம். திரும்பலைன்னா கேஸ் எழுதணும்." "தாராளமா எழுதுங்க. கோர்ட்டுக்கும் இதே வண்டியிலதான் வருவேன்." அவர் மேலிடத்தைக் கேட்க ரேடியோவோடு தள்ளிப் போகிறார். வாண்டா இன்ஜினை அணைக்கிறாள். பின்னால் ஒவ்வோர் உறுமலாக அடங்குகிறது. கதவுகள் திறக்கின்றன, மணலில் மடக்கு நாற்காலிகள் விரிகின்றன. ஒரு வண்டிகூட ரிவர்ஸ் எடுக்கவில்லை.