ஓட்டுகிறவர் மட்டும்

கிண்ணியாத் துறையில் கார் நின்றதும் நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

யாரும் இறங்கச் சொல்லவில்லை. தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, வாகனங்களை அக்கரை சேர்க்கிற மிதவை; பாதை என்பார்கள். அதில் வாகனம் ஏறும்போது ஓட்டுகிறவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். மற்றவர்கள் இறங்கி நடந்து ஏற வேண்டும். துறையின் சட்டம்.

ஓட்டி வந்தவர் ஸைனுலாப்தீன் முதலாளி. மூதூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். அக்கரைக்குப் போய் மூதூர் சேர்ந்ததும் நான் கையெழுத்து வைப்பேன். அதன்பிறகு கார் அவருடையது.

பச்சை நிற எம்.ஜி. இரண்டே இருக்கைகள். மடக்கி வைக்கிற துணிக்கூரை. அதை நாங்கள் விரித்ததே இல்லை.

முதலாளியின் வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. திருகோணமலையிலிருந்து அதைச் சொல்லியே சிரித்துக்கொண்டு வந்தார். கூரை இல்லாத காரில் ஏறமாட்டேன் என்று மனைவி சத்தியம் செய்துவிட்டாளாம். நல்லதாய்ப் போயிற்று, அந்த இடத்தில் ஒரு மூட்டை அரிசி வைக்கலாம் என்றார்.

நான் சிரிக்கவில்லை. என் மனைவி குணேஸ்வரி போனதிலிருந்து எனக்கு அது வருவதில்லை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, ஓர் அதிகாரியிடம் வாங்கிய கார். எங்களுக்குக் கலியாணமான புதிது. அவன் ஏறி இருந்து கியர் போட்டுக் காட்டினான். குணேஸ்வரி கதவருகே நின்றாள். குனிந்த தலை நிமிரவே இல்லை. வெட்கம் என்று அவன் நினைத்திருப்பான்.

சீனன்குடா நேர் றோட்டில் அந்தக் கார் எண்பது மைலில் போகும். அந்த வேகத்தில் போகிற காரில் இருப்பவர்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வேலை பார்க்கிற கந்தோரில் எனக்கு ரேஸ்காரன் என்று பெயர். ஊருக்குள் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி உருட்டுகிறான் என்பார்கள்.

அவள் நெருப்புக் காய்ச்சலில் செத்தாள். ஊர் அதற்கும் காரைத்தான் சொன்னது. திறந்த காரில் வெயிலுக்கும் காற்றுக்கும் கொண்டு திரிந்தானாம். செத்த வீட்டிலேயே என் காதில் விழும்படி சொன்னார்கள். என் பைத்தியத்துக்குத் தன் மகளைத் தின்னக் கொடுத்துவிட்டதாக மாமனார் கனகசுந்தரம் சொன்னார். கார் முற்றத்தில் நிற்கும்வரை ஆண்டுத் திவசத்துக்கும் வாசல் மிதிக்கமாட்டாராம்.

நான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஊர் அவளைப் பேசும். என்னையே பேசட்டும்.

விற்கச் சம்மதித்தது மாமனாருக்காக அல்ல. ஓடாமல் நிற்கிற காரைப் பார்க்க எனக்கு ஏலாமல் போயிற்று.

கரையிலிருந்து பாதைக்கு இரண்டு பலகைகள் போட்டிருந்தார்கள். லொறிக்கான இடைவெளி. பாதைக்காரர் அபூதாஹிர் அவற்றைக் காலால் தள்ளி நெருக்கி வைத்தார். முதலாளி எட்டிப் பார்த்தார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

நான் அதற்குள் நடந்து ஏறி, இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் எப்போதும் நிற்கிற இடம்.

முதலாளி கைகாட்டிக் கூப்பிட்டார். ரேஸ்காரத் தம்பி பக்கத்தில் நிற்கும்போது தான் எதற்காகத் தண்ணீருக்குள் விழ வேண்டும் என்றார். சைக்கிளோடு நின்றவர்களும் மீன் கூடைக்காரர்களும் சிரித்தார்கள்.

அபூதாஹிர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

"அவருக்கு ஏலாது முதலாளி. எப்பவும் இவர்ட நோனாதான் ஏத்துறவ, ஒரே இழுவையில. எங்க, இண்டைக்கு நோனா வரல்லையா?"

முதலாளியின் சிரிப்பு நின்றது. அவர் செத்த வீட்டுக்கு வந்துபோனவர்.

ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அன்று வெள்ளைக்காரன் கியர் போட்டுக் காட்டியபோது, குணேஸ்வரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய கால்களை.

நான் பலகை வழியாகத் திரும்பிக் கரைக்கு வந்தேன்.

"ஓம், அவதான் ஓட்டுறவ," என்றேன். துறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். "இது அவவின்ர கார். நான் விக்கமாட்டன்."

முதலாளி வயிற்றை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு இறங்கினார். அபூதாஹிரின் தோளில் கைவைத்து மெல்ல ஏதோ சொன்னார். அபூதாஹிர் பலகையை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

நான் ஏறிக் காரைத் திருப்பினேன். எஞ்சின் நின்றுபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் கிளப்பினேன்.

நாலாம் மைல் கட்டையடியில் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

ஊருக்குள் நுழையுமுன் நாங்கள் இடம் மாறுவது அங்கேதான். அவள் ஒரு பக்கமாகவும் நான் மறு பக்கமாகவும் காரைச் சுற்றி வருவோம். முன்னால், இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், சந்திப்போம். தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வருவாள். எண்பதைத் தொட்ட நாளில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து ஒருதரம் இழுத்துவிட்டுப் போவாள். அங்கிருந்து வீடுவரை நான் பயந்து பயந்து உருட்டுவேன்.

இறங்கினேன். காரைச் சுற்றி நடந்தேன். முன்னால் யாரும் எதிரே வரவில்லை.

முழுவதும் சுற்றி வந்து, இறங்கிய இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

பிறகு கடைத்தெரு வழியாக, மாமனார் வீட்டு வாசலைத் தாண்டி, அவளுடைய வேகத்தில் போனேன்.