அப்டேட்டை அமுக்கியவள்

அமுக்கியது அவள்தான். அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"மறுபடியும் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"போச்சு" என்றான் கணவன், லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வெளிநாட்டில் பெரிய லிஃப்ட் கம்பெனியில் மூன்று வருட வேலை வந்திருக்கிறது. அங்கேயே வேலை பார்த்து, இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிற அவன் அண்ணன், மேலாளர் பின்னாலேயே நாயாக அலைந்து வாங்கிக் கொடுத்த வேலை. ஒப்பந்தத்தை டவுன்லோட் செய்து, கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். தாண்டினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போனில் முயன்றால் அந்த இணையப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

காலையில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் குழந்தைகளுக்கு உடை தைப்பவள். சட்டை பேட்டர்ன் ஒன்று எடுக்கலாமென்று பிரவுசரைத் திறந்தால், 'அப்டேட் செய்' என்று ஒரு வாரமாக நச்சரிக்கிற அதே பெட்டி. போய்த் தொலை என்று ஒரு அமுக்கு அமுக்கினாள். அவ்வளவுதான்.

"ஏய், இந்த பிரவுசர் நேத்து வேற மாதிரி இருந்துச்சுல்ல? டவுன்லோட் எல்லாம் கீழ காட்டும். இப்ப மேல மூலையில போயி ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

"தானா அப்டேட் ஆகியிருக்கும்" என்றாள்.

வாய் கூசாமல் வந்தது பொய். அதைவிட மோசமாக இன்னொன்று உள்ளே உறுத்தியது. இந்த வேலை கிடைக்காமலே போனால்தான் என்ன என்று நேற்று ஒரு நொடி நினைத்திருந்தாள்.

"நீ போய் ரௌட்டரை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

கூடத்துக்கு ஓடினாள். அணைத்தாள், போட்டாள், பச்சை விளக்கு வரும்வரை அதையே முறைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அவன் உதட்டைப் பிதுக்கினான். "பாதி வரைக்கும் வந்துச்சு. நின்னுடுச்சு."

"செட்டிங்ஸ்ல பாருங்க. எங்க சேமிக்கணுங்கிறது மாறியிருக்கும்."

"அதெல்லாம் பாத்துட்டேன். மாடி வீட்டுல வைஃபை பாஸ்வேர்டு கேட்டுட்டு வா. அதுல ட்ரை பண்ணுவோம்."

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி, மூச்சிரைக்க இறங்கி வந்து சொன்னாள். அப்புறம் அவன் தண்ணீர் கேட்டான். கொண்டு வருவதற்குள் அதிலும் நின்றுவிட்டதாம்.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்."

"வேணாம் தாயே, இன்னும் எதையாவது அமுக்கி வைப்ப. போய் டீ போடு. போனா போகட்டும், தலையா போயிடும்?" என்று சிரிக்க வேறு செய்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கொன்றது. இப்படிப்பட்ட மனுஷனுக்கா இதைச் செய்தோம் என்று அடுப்புக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அண்ணன். ஸ்பீக்கரில் போடாமலே வீடு முழுக்கக் கேட்டது. "அனுப்பிட்டியாடா?"

"இறங்கவே மாட்டேங்குதுண்ணே."

"இறங்கலையா? பத்து மாடி லிஃப்டை இறக்குறவன், ஒரு ஃபைலை இறக்கத் தெரியல உனக்கு! இரு, வர்றேன்."

அவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது ஐந்து தாண்டியிருந்தது. திரையில் 'காலாவதியாகிவிட்டது' என்று ஒரே வரி. விடுவாரா அவர்? தனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்டேட் ஆனதுல ஏதோ கோளாறுன்னு தம்பி சொல்றான். மேலாளர்கிட்ட கெஞ்சணும்னாலும் என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல?"

"டவுன்லோட் லிஸ்டைத் திறங்க சார். ஃபைல் பேருக்குக் கீழ என்ன போட்டிருக்கு?"

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ரத்து. வரிசையா எல்லாமே ரத்து, ரத்துன்னுதான் இருக்கு."

"அப்ப பாவம், அப்டேட்டைத் திட்டாதீங்க. அதுவா நின்னிருந்தா 'தோல்வி'ன்னு போடும். ரத்துன்னா, ஓடிக்கிட்டிருக்கும்போதே யாரோ அமுக்கி நிறுத்தியிருக்காங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தப்பவே நினைச்சேன். சொல்லும்மா. யாரு?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"நான்தான் மாமா" என்றாள். "அப்டேட் பண்ணதும் நான்தான். அவர் எழுந்து போனப்பல்லாம் நிறுத்தினதும் நான்தான்."

"என் மூஞ்சியில கரியைப் பூசிட்டியேம்மா! அந்த ஆளு முன்னாடி நான் இனிமே எப்படிப் போய் நிப்பேன்?" அவர் குரல் உடைந்தே விட்டது. "இனிமே எதுக்கும் என்கிட்ட வந்துடாதீங்க. ரெண்டு பேருந்தான்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டும்வரை இருவரும் அசையவில்லை.

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் பின்னாலேயே வந்து நின்றான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"நிறுத்தினது நான். திட்டை மட்டும் நீ ஏன் வாங்கின?"