மடிப்பில் உட்காராத சிவப்பு

மூளைப் படம் பொய்யே சொல்லாது. பிடித்த முடிவு வரும்வரை கணிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பவன்தான் பொய்யன். இதை ஆய்வகத்தில் தினமும் முழங்குவேன்.

என் புகைப்படத்தைப் பார்த்தபோது என் மனைவியின் மூளையில் எழுந்த சிவப்புத் திட்டுகளை, அவளுடைய மூளை மேற்பரப்பின் கணினி மாதிரியில் பொருத்தினேன். கைரேகைபோல் ஆளுக்கு ஆள் மாறும் அந்த மூளை மடிப்புகளில் ஒரு திட்டுகூட உட்காரவில்லை. சும்மா சோதிக்கலாமென்று, ஆய்வகத்தில் முன்பே எடுத்து வைத்திருந்த, பக்கத்து நாற்காலி நண்பனின் மூளை மாதிரியில் போட்டேன். எல்லாமே அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன.

மனைவியை அழைத்தேன். "ஸ்கேன்ல யாரை நினைச்சே?"

"உன் மூஞ்சியைத்தானே காட்டினாங்க? உன்னைத்தான் நினைச்சேன், லூசு."

போனை வைத்ததும் நண்பன் சிரித்தான். "என்ன மச்சான், உன் பொண்டாட்டி மூளையில நீ இருக்கியா, இல்ல காலி மனையா?"

"இருக்கேன்டா," என்றேன்.

திரையை அவனுக்குத் தெரியாமல் திருப்பிக்கொண்டு, அவளுடைய மாதிரியிலேயே ஏழாவது முறையாக ஓட்டினேன்.