வெள்ள அலாரம்

ஆற்றங்கரை மரத்தில் அணிலும் மைனாவும் புரோகிராம் எழுதிப் பிழைத்தன. வெள்ளம் வந்தால் அலாரம் அடிக்க ஒரு புரோகிராம் வேண்டுமென்று, மரத்தடி வளையில் குட்டிகளோடு இருந்த முயல் கேட்டது. இரண்டும் ஒப்புக்கொண்டன.

"பைத்தான் மொழியில் எழுதினால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்றது அணில்.

"அது ஓடும்போதே நடுவில் படுத்துவிடும். ஜாவாவில் தப்பு முன்கூட்டியே தெரியும்" என்றது மைனா.

"ஜாவாவில் வணக்கம் சொல்லவே அரைப் பக்கம் வேண்டும்."

மழை பிடித்துக்கொண்டது. இரண்டும் இலை மறைவுக்கு நகர்ந்து வாதத்தைத் தொடர்ந்தன.

விடிந்தபோது மரத்தடியெல்லாம் தண்ணீர். ஒரே ஒரு குட்டியைக் கவ்வியபடி முயல் மேட்டு வேரில் ஏறி நின்றது. ஒரு வரிகூட எழுதாத கணினித் திரையை அணிலும் மைனாவும் பார்த்தன.

முயல் குட்டியை இறக்கிவிட்டு மெல்லக் கேட்டது:

"அலாரம் அடித்ததா? நான்தான் அசந்து தூங்கிவிட்டேனா?"