சேதி வராத கை

டாக்டர் ஜெபசிங் ஆதமைக் கண்ணை மூடச் சொன்னார்.

வலது கையை மேசைமேல் விரித்து வைக்க வேண்டும். ஊசிமுனை பட்டால் சொல்ல வேண்டும். படவில்லையென்றால் சும்மா இருக்கலாம்.

ஆதம் கண்ணை மூடினான். தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது.

குற்றாலத்தில் பதினோரு வருடமாகப் பரோட்டா போடுகிறான். சாரல் தொடங்கிவிட்டால் கல்லை விட்டு நகர முடியாது. இந்த சீசனில் அவன் வெறும் விரலால் பரோட்டாவைப் புரட்டுவதை முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். முன்பு சுட்டது, இப்போது சுடவில்லை. பழகிவிட்டது என்றுதான் ஆதமும் நினைத்தான்.

அப்படியில்லை என்று கண்டுபிடித்தவள் அவன் மனைவி சனோபர்.

போன வெள்ளிக்கிழமை அவன் புளியாணம் ஊற்றிச் சோறு பிசைந்துகொண்டிருந்தான். சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து சிவந்த சதை தெரிந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை. பேசிக்கொண்டே அடுத்த கவளத்தை எடுத்தான்.

சனோபர் தட்டை இழுத்துக்கொண்டாள். தென்காசிக்கு டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்றாள்.

டாக்டர் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்தார். நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. தேமல் என்று அவன் விட்டுவைத்திருந்த வெளிறிய இடத்தையும் பார்த்தார். பிறகு நிதானமாக விளக்கினார்.

தோலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பணுக்கள் வேறு. உத்தரவைத் தசைக்குக் கொண்டுவருபவை வேறு. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு இரண்டையும் இணைப்பவை இன்னொரு வகை. நெருப்புப் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்க மூன்றும் வேண்டும்.

"ஒங்களுக்கு உத்தரவு ஒழுங்கா வருது, அதான் மாவு வீச முடியுது. சுடுதுங்கிற சேதிதான் கைய விட்டே கெளம்பல."

அதன் பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய்.

மாத்திரை இருக்கிறது, காசு கிடையாது, சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும் என்றார். போன உணர்வு திரும்பி வருமா என்பதை மட்டும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆதம் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சனோபரைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உணர்வு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஊசிச் சோதனை.

முழங்கைக்குக் கீழே ஒரு குத்து. பட்டது என்றான். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று. அதையும் சொன்னான்.

அப்புறம் ஒன்றுமே இல்லை.

பக்கத்து நாற்காலி தரையில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது.

விலகி உட்காருகிறாள்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. தினமும் இந்தக் கையால்தான் அதற்கு ஊட்டிவிடுகிறான். சனோபர் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. கண்ணைத் திறந்தால் சொல்ல முடியாது. மூடியபடியே சொன்னான்.

"நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு சொரண்டைக்கு ஒங்க உம்மா வீட்டுக்குப் போயிரு சனோபர். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கையில் இப்போது ஏதாவது தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

இல்லை என்று தலையாட்டினான்.

டாக்டர் கண்ணைத் திறக்கச் சொன்னார்.

ஊசி டாக்டரின் பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

சனோபர் நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்று ஆதமுக்குத் தெரியவில்லை.