தலை எண்ண வந்தவர்

அரசாங்க மானியத்தில் மதுரையிலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் சின்ன விமானத்தில் பாதி சீட்டு எப்போதும் காலி. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் சிவகாசிப் பட்டாசு முதலாளி காளிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. காலி சீட்டைப் பார்த்து மானியத்தை வெட்டிவிட்டால் விமானமும் நின்றுவிடும். அது நின்றால் வடநாட்டு வியாபாரிகள் நேரில் வரமாட்டார்கள். தீபாவளி ஆர்டர் பாதியாகிவிடும்.

மிச்சமிருந்த இருபது டிக்கெட்டையும் அவரே வாங்கினார். ஆலைப் பெண்களைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போனார்.

"இறங்குன பெறகு அங்கன என்ன சோலி மொதலாளி?" என்றாள் வேலுத்தாய்.

"ஒண்ணும் கிடையாது. அடுத்த ப்ளேன்ல திரும்பணும்."

"இதுக்கு ஆமத்தூர் பஸ்ஸே தேவல. பிடிக்கலைன்னா பாதி வழியில எறங்கிக்கிடலாம்."

"வாய மூடு. அந்த சார் கேட்டா, அடிக்கடி போவேன்னு சொல்லு."

விமானம் மேலே ஏறியதும் அதிகாரி தலை எண்ணினார். ஒரு சீட்டும் காலி இல்லை. வேலுத்தாயிடம் குனிந்து, "முதல் தடவையாம்மா?" என்றார்.

"நல்லாக் கேட்டீக! வாரம் ரெண்டு தடவை போவேன். சில நாளு நிக்கக்கூட எடம் இருக்காது."

காளிராஜ் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். "பாத்தீகளா சார்? மானியம் தொடரும்ல?"

"இனிமே எதுக்குங்க? ஆள் ஏறாத விமானம் நஷ்டத்துல நின்னுடக் கூடாதுன்னுதான் அரசாங்கம் பணம் கொடுக்குது. இங்கேதான் நிக்க இடமில்லையே! மானியத்தை வேற ஊருக்கு மாத்தச் சொல்லி எழுதிடுறேன்."



பின் சீட்டிலிருந்து வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள். "நான் சரியாச் சொன்னேன்ல மொதலாளி?"